வீழ்ந்த சேவலுக்கு ஒரு கல்

பயணத்தையே ஓர் இலக்கிய வகையாகக் கண்டவர்கள் தமிழர்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனுக்கு வழி சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படைகளுள் நம் பகுதிக்கு மிக அண்மையது, கூத்தராற்றுப்படை என்று வழங்கும் மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலின் தலைவன் நன்னன். அவன் ஆண்ட செங்கண்மாவே இன்றைய செங்கம். ரிஷிவந்தியத்திலிருந்து புறப்பட்டுத் தென்பெண்ணையைக் கடந்து திருவண்ணாமலை வழியே சென்றால் அவ்வூரை அடையலாம். அந்நூலின் கூத்தர் தனியே செல்வதில்லை. விறலியரும் சுற்றமும் உடன் செல்கின்றனர். அவர்கள் செல்லும் வழியில், பாதை பிரியும் இடங்களில், பெயரோடு நட்ட கற்கள் மிகப் பல உண்டு என்று புலவர் கூறுகின்றார். இசையும் கூத்துமாகச் செல்லும் வழிப்போக்கர்க்கு நினைவுக் கற்களைக் காட்டிச் செல்வது பழந்தமிழ்ப் பயண நெறி.

இந்நெறிக்கு ஒப்பான வழக்கம் ஒன்று இன்று அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டின் தேசிய விளையாட்டாகக் கருதப்படுவது பேஸ்பால். அதன் முதன்மைக் கூட்டமைப்பில் 30 அணிகள் உள்ளன. கணவனும் மனைவியுமாக வண்டியில் புறப்பட்டு, பாஸ்டன் நகரில் 1912இல் திறக்கப்பட்ட ஃபென்வே ஆடுகளம், சிகாகோவில் 1914இல் எழுந்த ரிக்லி ஆடுகளம் என ஒவ்வொன்றாகக் கண்டு, இறுதியில் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரிலுள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்தை அடைவதை ஒரு நோன்பு போலவே மேற்கொள்வோர் பலர். நம்மவர் பாடல்பெற்ற தலங்களைக் கண்டு வருவதற்கு நிகரானது இது.

தமிழ்நாட்டில் இத்தகைய பயணத்துக்கு இடமுண்டா என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்து. இடமுண்டு என்பதோடு, நம் வழியில் கிடைக்கும் நினைவுச் சின்னங்கள் உலகின் பிற விளையாட்டு நினைவகங்கள் எளிதில் சொல்லாத ஒன்றைச் சொல்கின்றன என்பதும் என் கருத்து.

கல்லில் நின்ற கோழி

அர்த்தநாரீசுவரர் கோயில் கொண்ட ரிஷிவந்தியத்திலிருந்து இருவர் சேர்ந்து புறப்படுவது பொருத்தமே. முதலில் எதிர்ப்படுவது திருக்கோவலூர். பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்று மக்கள் சுட்டுவர். பாரி மகளிரை மலையமானுக்கு மணம் செய்வித்த பின் கபிலர் தீப்புகுந்தார் எனும் செய்தியை வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு தாங்கி நிற்கிறது. நண்பனை இழந்த புலவனின் முடிவைக் கல் நினைவு வைத்திருக்கும் ஊர் அது. அடுத்துக் காணவிருக்கும் கல்லுக்கு அதுவே தக்க முன்னுரை.

விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் கிடைத்தது அக்கல். அதில் மனித வீரன் இல்லை. சேவல் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. வட்டெழுத்து உருவாகி வந்த காலத்து எழுத்தில், ஏறத்தாழக் கி.பி. 5ஆம் நூற்றாண்டில், ஒரு சிறு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. முகையூரின் மேற்சேரிக்காகப் போரிட்டு இறந்த கோழி இது என்பதே அதன் பொருள். வட தமிழகத்து இந்தளூரில் கிடைத்த மற்றொரு கல் கீழ்ச்சேரிக் கோழியைக் குறிக்கிறது. அதன் பெயர் பொற்கொற்றி என்பதையும் அக்கல் சொல்கிறது.

சேரி என்னும் சொல்லுக்குப் பிற்காலத்தில் ஏற்றப்பட்ட பொருளை இவ்விடத்தில் மறந்துவிட வேண்டும். மக்கள் சேர்ந்து வாழும் ஊர்ப்பகுதி என்பதே அதன் பழம்பொருள். மேற்சேரியார், கீழ்ச்சேரியார் என ஊரின் இரு பகுதியார் எதிரெதிர் நின்று தத்தம் சேவலை விட்டிருக்க வேண்டும். அரசன் பெயர் அங்கு இல்லை, ஆட்சியாண்டு இல்லை, சேவலை வளர்த்தவன் பெயரும் இல்லை. ஊர்ப்பகுதியின் பெயரும், அதற்காக ஆடி மடிந்த பறவையுமே கல்லில் நிற்கின்றன.

அரசலாபுரம் நோக்கிய பயணத்தில் இவ்வாசகத்தை என் கணவருக்கு விளக்கியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “அப்படியென்றால் ஜெயித்த சேவல் எது?” தமிழ் பயின்ற எனக்கு அதுவரை தோன்றாத கேள்வி அது. வென்ற சேவலைப் பற்றி அக்கல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இலக்கணம் வென்றோரைப் பாடியது

இம்மௌனத்தின் அருமை நம் இலக்கண நூல்களோடு ஒப்பிடும்போது விளங்கும். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, தன் ஒழிபியலில் ஆடற்களங்களையும் பாடுபொருளாக்கியது. கோழி, தகர், யானை, பூழ், சிவல், குதிரை முதலிய பலவற்றின் போரும் ஓட்டமும் அங்குத் துறைகளாகின்றன. ஆனால் அத்துறைகளின் பெயரெல்லாம் வென்றி என்றே முடிகின்றன: கோழி வென்றி, தகர் வென்றி, பூழ் வென்றி. புலவர்க்கு வகுக்கப்பட்ட இலக்கணம் வெற்றியைப் பாடுக என்றது. எழுத்தறிந்த சிற்றூரானின் உளியோ வீழ்ந்ததைப் பொறித்தது.

தொல்காப்பியப் புறத்திணையியல் கல் நடுதலைப் பல படிகளாகக் கூறுகிறது. தகுந்த கல்லைக் காணல், அதனைக் கொள்ளல், நீரில் இடுதல், நடுதல், படையலிடல், வாழ்த்துதல் என அது ஒரு முழுச் சடங்கு. போரில் பட்ட மறவனுக்கு உரிய இச்சிறப்பு ஆட்டத்தில் பட்ட கோழிக்கும் நீண்டிருப்பது, அவ்வூரார் அதன் இறப்பை விளையாட்டாகக் கருதவில்லை என்பதற்குச் சான்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லும் இம்மனப்பாங்கையே காட்டுகிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட அக்கல்லில், மடிந்த வீரன் கருந்தேவக்கத்தியோடு, கள்வரைக் கடித்துக் காத்த அவனது நாய் கோவிவனுக்கும் இடம் கிடைத்தது. அது விளையாட்டன்று, தொறுப்பூசல். எனினும் உடன் நின்ற உயிரின் பெயரை மறவாத அறம் ஒன்றே.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி ஆத்தூர் வழியாகச் செல்லும் சாலை சேலத்தை அடைகிறது. அம்மாவட்டத்துக் கருவந்துறைக் கல், எருது பொருதார் கல் எனப்படும். கோவுரிச் சங்கன் என்பவன் கருவந்துறையில் எருது விளையாடிப் பட்டான் என்று அது கூறுகிறது. அவன் மகன் பெரியபயலின் பெயரும் அதே கல்லில் உள்ளது. கலித்தொகையில் சோழன் நல்லுருத்திரன் பாடிய முல்லைக்கலியின் ஏறுதழுவல் காட்சிகளை நாம் வகுப்பறையில் சுவைபடக் கற்பிக்கின்றோம். அங்கே ஏற்றினைத் தழுவியவன் ஆயமகளை அடைகிறான். ஆட்டம் மணத்தில் முடிகிறது. கருவந்துறையில் அது கல்லில் முடிந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஏறுதழுவலின் வரலாறு முழுமையுறும்.

பிற நாட்டு நினைவகங்கள்

இனி அமெரிக்கப் புகழ்மண்டபத்துக்குத் திரும்புவோம். பேஸ்பாலை 1839இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபிள்டே என்பவர் கண்டுபிடித்தார் என்று, 1905இல் அமைந்த ஒரு குழு ஆய்ந்து அறிவித்தது. அதை நம்பியே 1939 ஜூன் 12ஆம் நாள் அவ்வூரில் புகழ்மண்டபம் திறக்கப்பட்டது. பின்வந்த வரலாற்றறிஞர் அக்கதையை ஏற்கவில்லை. மண்டபம் நிலைத்தது; அதன் அடித்தளமான கதை சரிந்தது. தொன்மையை மிகைப்படுத்தும் ஆசை எல்லா நாட்டினர்க்கும் உண்டு, நமக்கும் உண்டு. கிடைத்த கல் சொல்வதை மட்டும் சொல்வதே அதற்கு மருந்து.

அம்மண்டபத்தின் மற்றொரு குறை இன்னும் ஆழமானது. 1936இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஐவரும் வெள்ளையரே. கறுப்பின ஆட்டக்காரர்க்கு முதன்மைக் கூட்டமைப்பின் வாயில் அடைபட்டிருந்தது. 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோதுதான் அது திறந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, அவ்வாண்டு ஜனவரியில், கறுப்பினத்தார் கூட்டமைப்பின் ஒப்பற்ற மட்டையாளர் ஜாஷ் கிப்சன் மறைந்தார். பல ஆண்டுகள் அவர் கல்லறையில் பெயர் தாங்கிய கல்லே இல்லை. 1972இல் அவருக்குப் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2024இல் கறுப்பினத்தார் ஆட்டக் கணக்குகள் முதன்மைப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, மட்டைவீச்சுச் சராசரியில் அவர் அனைவரையும் விஞ்சி நின்றார். கன்சாஸ் நகரில் 1990இல் தோன்றிய கறுப்பினத்தார் பேஸ்பால் அருங்காட்சியகம், மண்டபம் மறந்தவர்க்காக மக்களே எடுத்த கல் எனலாம்.

இலண்டன் லார்ட்ஸ் ஆடுகளத்து அருங்காட்சியகத்தில் ஒரு சிட்டுக்குருவி உண்டு. 1936 ஜூலையில், இந்தியாவின் முதல் டெஸ்டில் ஆடியவரான ஜஹாங்கீர் கான் வீசிய பந்து பட்டு அது இறந்தது. அதைப் பதப்படுத்தி, பந்தோடு சேர்த்து வைத்துள்ளனர். காண்போர் முறுவலித்துக் கடந்து செல்கின்றனர். முகையூர்க் கோழியும் ஆட்டத்தில் மாண்ட பறவைதான். ஆனால் அது எவருக்கும் வேடிக்கைப் பொருளாக வைக்கப்படவில்லை. தற்செயலாக இறந்த பறவையைக் காட்சிப் பொருளாக்குவதும், தமக்காகப் போரிட்ட பறவைக்குக் கல் நடுவதும் இருவேறு மனநிலைகள்.

சேப்பாக்கமும் கீழக்கரையும்

நம் நாட்டின் புதிய ஆடுகளங்களிலும் அப்பழைய மனநிலையின் கீற்று தென்படுவதுண்டு. சென்னைச் சேப்பாக்கத்தில் 1934 நவம்பர் 4ஆம் நாள் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. சென்னை அணியின் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அங்கேதான் பெற்றது. வினு மன்காட் அதில் 12 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். இவையெல்லாம் கோழி வென்றி போன்ற செய்திகள். பதிவேடுகள் இவற்றை மறவா.

ஆனால் சேப்பாக்கத்தின் பெருமை 1999 ஜனவரி 31இல் உள்ளது. முதுகு வலியோடு சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தும், பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. நெஞ்சு கனத்திருந்த மக்கள், ஒரு கணம் கழித்து எழுந்து நின்று, வென்ற எதிரணிக்குக் கைதட்டினர். பாகிஸ்தான் வீரர்கள் களத்தைச் சுற்றி வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர். வீழ்ந்ததை மதிக்கத் தெரிந்தவர்க்கே வென்ற பகைவனையும் மதிக்க வரும் போலும்.

பயணத்தின் கடைசி நிலை மதுரை மாவட்டம். 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் இளைஞர் கூட்டம் மெரினாவை நிறைத்தது. அவ்வாண்டே சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு அதனை ஏற்றது. இவற்றின் தொடர்ச்சியாக அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 2024 ஜனவரி 24ஆம் நாள் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்துக்கும் அதில் இடம் ஒதுக்கியுள்ளனர். ஏறுதழுவலுக்கென அமைந்த இப்பெரும் அரங்கம் போற்றத்தக்கதே.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. காளையை அடக்கியவர்க்கு மகிழுந்தும் இருசக்கர வண்டியும் பரிசாகின்றன. அவர் படம் மறுநாள் நாளிதழில் வருகிறது. களத்தில் மாண்ட இளைஞனோ அதே நாளிதழில் ஓர் எண்ணாகிறான். அவன் தாய்க்கு இழப்பீடு வரலாம். அவன் பெயருக்குக் கல் வருவதில்லை. கோவுரிச் சங்கனுக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லை. ஏறுதழுவலின் தொன்மைக்கு நடுகல்லைச் சான்று காட்டும் நாம், நடுகல் கற்பித்த கடமையை விட்டுவிட்டோம்.

பத்தாம் ஆண்டில் ஒரு வேண்டுகோள்

நம் வட்டம் பத்து ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. இதன் கவிஞர் பலர் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். கபடியில் காலொடிந்து களம் விட்டவர், சிலம்பம் கற்பித்து வறுமையில் மறைந்த ஆசான், எருதுவிடும் நாளில் உயிர் துறந்தவர் எனத் தத்தம் ஊரில் ஒருவரையேனும் அறியாதவர் நம்முள் இருக்க முடியாது. அவர்களைப் பற்றிய செய்திகள் முதியோர் நினைவில் மட்டும் உள்ளன. அம்முதியோரும் குறைந்து வருகின்றனர்.

பெயர், ஊர், தெரு, ஆடிய ஆட்டம், வீழ்ந்த நாள் என ஐந்து செய்திகள் கொண்ட ஒரு பேரேட்டை வட்டம் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதில் புனைவு வேண்டா. கூப்பர்ஸ்டவுன் கதை நமக்கு எச்சரிக்கை. கேட்டறிந்ததைக் கேட்டறிந்ததாகவும், கண்டதைக் கண்டதாகவும் எழுதினால் போதும். மேற்சேரி, கீழ்ச்சேரி என்னும் வேறுபாடின்றி எல்லாத் தெருக்களின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். பேரேடு நிறைந்த பின் கவிதை தானே வரும். அது வென்றித் துறைகளோடு நில்லாது என்றும் நம்பலாம்.

அரசலாபுரத்துக் கல்லில் எழுதியவன் புலவன் அல்லன். தன் சேரிக்காக ஆடி மடிந்த ஓர் உயிரை அடுத்த தலைமுறை அறிய வேண்டும் என்று அவன் கருதினான். சில சொற்களில் அதை எழுதினான். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அதைப் படிக்கிறோம். அவன் செய்ததைத் தாளிலேனும் செய்வது, எழுத்தையே தொழிலாகக் கொண்ட நமக்கு அரிதன்று.