மூன்று சதுர மீட்டர் பாசியும் ஒரு கோடிச் சிட்டுக்குருவியும்

பாசின்னு சொன்னா மழைக்காலத்துல மதில் சுவரில் படியும் பச்சைதான் ஞாபகம் வரும். அதைப் போய் யாராவது காவல் காப்பாங்களா? இங்கிலாந்தில் காக்கிறார்கள்.

டெர்பிஷயர் மாவட்டத்தில், சுண்ணாம்புப் பாறையில் நீர் ஊறும் ஒரே ஒரு இடத்தில் ஒரு பாசி வளர்கிறது. பெயர் தாம்னோபிரியம் அங்கஸ்டிஃபோலியம். 1880களில் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மொத்தப் பரப்பு சுமார் மூன்று சதுர மீட்டர், அதாவது ஒரு கட்டில் அளவு. பாசிக்கு உண்மையான வேர் இல்லை. இலை வழியாகவே நீரைக் குடிக்கும். அந்த ஊற்று வற்றினாலோ கெட்டாலோ கதை முடிஞ்சுது. அதனால் இடத்தைக்கூட வெளியே சொல்வதில்லை.

அதே நாட்டின் சிட்டுக்குருவியை எடுத்துக்குவோம். தானியம் தின்கிற எதிரின்னு சொல்லி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பல ஊர்த் தேவாலய நிர்வாகங்கள் குருவித் தலைக்குக் காசு கொடுத்தன. ஊர் ஊராகக் 'குருவிச் சங்கங்கள்' இருந்தன. முதல் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தப்போ, 1917இல் அரசாங்கமே எலியையும் குருவியையும் ஒழிக்கச் சங்கம் வைக்கச் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் குருவி குறையலை. எத்தனை கொன்றாலும் தீராது என்ற நம்பிக்கை மட்டும் ஊறிப்போச்சு.

அந்த நம்பிக்கைதான் வில்லன் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டனில் பொதுப் பறவைகளின் கணக்கெடுப்பு 1962இல் தொடங்கியது. ஆனால் சிட்டுக்குருவிக்கு ஒழுங்கான தொடர் கணக்கு கிடைப்பது 1970களின் நடுவிலிருந்துதான். வாசலில் கத்துவதை யார் எண்ணுவார்? எண்ண ஆரம்பித்த பிறகு பார்த்தால், அடுத்த முப்பது வருஷத்தில் பாதிக்கு மேல் காணோம். 2002இல் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். இன்னும் ஐம்பது லட்சம் ஜோடிகள், அதாவது ஒரு கோடிப் பறவைகள் அங்கே இருக்கு. இருந்தும் சிவப்பு. காரணம், அந்தப் பட்டியல் எத்தனை மிச்சம் என்பதை மட்டும் கேட்பதில்லை. எவ்வளவு வேகமாகக் குறையுது என்றும் கேட்கிறது.

பாசிக்கு ஆபத்து அதன் இடத்தில் இருக்கு. அதைக் காக்க ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டால் போதும். குருவிக்கு அப்படி ஒரு பாறை கிடையாது. ஓட்டு இடுக்கு, வேலிப் புதர், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி என்று நாடு முழுக்க ஆயிரம் சின்ன விஷயங்கள் வேணும். அவை ஒவ்வொன்றாகப் போனபோது யாருக்கும் உறைக்கலை, ஏன்னா குருவிதான் எங்கேயும் இருந்ததே.