உப்புத் தண்ணியில் பிழைத்த மீன்

எங்கள் குழு வண்ண மீன் தொழிலுக்கு வந்த கதையை மலருக்கு எழுதச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச அளவில் எழுதறேன்.

மெட்ராசில் கிளி, முயல், வண்ண மீன் எதுவா இருந்தாலும் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்டுக்குத்தான் போவாங்க. 1985-ல் அது எரிஞ்சு போச்சு. இன்னைக்கு வண்ண மீன்னா கொளத்தூர்தான். வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டி, மொட்டை மாடியிலும் தொட்டி. அதைப் பார்த்துட்டு வந்துதான் எங்களுக்கும் ஆசை வந்தது.

உள்கடன் எடுத்து தங்க மீன் குஞ்சு வாங்கி விட்டோம். ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் செத்து மிதந்தது. தண்ணியைப் பரிசோதிக்காம விட்டது எங்க தப்பு. மீஞ்சூர் பக்கம் 1960-களில் சென்னைக்காகக் கிணறு போட்டு இறைச்சாங்க. இறைக்க இறைக்க கடல் தண்ணி நிலத்துக்கு அடியில் ஏறிடுச்சு. அனுப்பம்பட்டில் எங்க போர் தண்ணியில் பருப்பு கூட வேகாது. மீன் மட்டும் எப்படி வாழும்?

கொளத்தூரில் மீன் எடுக்கிற பெரியவர் ஒருத்தர் வந்தார். தண்ணியை வாயில் வச்சுப் பார்த்துட்டு, "இது மோலிக்கு ஏத்த தண்ணிம்மா" என்றார். மோலி மெக்சிகோ பக்கத்து மீன். நல்ல தண்ணியிலும் இருக்கும், உப்பிலும் இருக்கும். முட்டை போடாது, குட்டியே போடும், ஏறக்குறைய மாசத்துக்கு ஒரு தரம். ஆனா பெத்த தாயே குட்டியைத் தின்னுடும். அதனால் பிள்ளத்தாச்சி மீனைத் தனித் தொட்டியில் விட்டு, குட்டி ஒளிஞ்சுக்க வேலம்பாசி போடுவோம். பத்து மாசத்தில் உள்கடன் அடைஞ்சது.

அப்புறம்தான் ஒரு பயம் வந்தது. உப்பில் வாழற மீன் வாய்க்காலில் விழுந்தா பழவேற்காடு ஏரி வரைக்கும் போய்ப் பெருகாதா? எங்க நாத்தனார் வீட்டுப் பிழைப்பே அந்த ஏரியில் இறால் பிடிக்கிறதுதான். தொட்டி சுத்தம் பண்ண வாங்கற டேங்க் கிளீனர் மீனை யாரோ ஏரியில் விட்டு, அது பெருகி வலையைக் கிழிக்கிற கதை தமிழ்நாட்டில் பல ஊரில் நடக்குது. அதுவும் அழகுக்காக வந்த மீன்தானே!

கூட்டத்தில் ரெண்டு பேர், "சின்ன மீன், என்ன பண்ணிடும்?" என்று சண்டை போட்டாங்க. கடைசியில் தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். விக்காத மீனையும் வெளியே விடறதில்லை. தொட்டித் தண்ணியைக் கொசுவலைத் துணியில் வடிகட்டி, பின்பக்கத் தென்னைக்குத்தான் விடறோம். வடிகட்டின துணியில் போன வாரம் கூட பதினோரு குட்டி இருந்தது.