சாயம் வெளுத்த பிறகும்

திருப்பூர்ச் சாயக்கழிவின் கதையை நிறத்தின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். நொய்யல் ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியதுதான் படங்களில் விழுந்தது. ஆய்வகங்களும் நிறத்தை உடைக்கும் வழியைத்தான் அதிகம் தேடின. ஆனால் அதே ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை வயலுக்கு ஆகாததாக்கியதில் பெரும்பங்கு நிறமே இல்லாத உப்புக்கு உண்டு. நிறத்தை உடைக்கும் திண்ம வினையூக்கிகளைப் பற்றி எழுதப்பட்ட அத்தனை கட்டுரைகளுக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே விழுந்த இடைவெளிக்கு இந்த உப்பே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

பிரச்சினை சாயத்தொட்டிக்குள்ளேயே தொடங்குகிறது. 1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் பருத்திக்கான வினைச்சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நூலோடு வேதிப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்வதால் துவைத்தாலும் நிறம் போகாது. பனியன் தொழில் அதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் தண்ணீருக்குள் பருத்திக்கும் எதிர்மின்னேற்றம், சாயத்துக்கும் எதிர்மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தணிக்க உப்பைக் கொட்ட வேண்டும்; அடர் நிறமென்றால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூட ஆகும். பிறகு சோடா உப்பு சேர்த்தால் பிணைப்பு நடக்கும். சாயத்தில் ஒரு பகுதி நூலை விட்டுவிட்டுத் தண்ணீரோடேயே வினைபுரிந்து வீணாகும். அதுதான் ஆற்றில் தெரிந்த நிறம். உப்போ வேலையை முடித்துவிட்டு, போட்ட அளவு குறையாமல் அப்படியே வெளியேறிவிடும்.

நிறத்தை உடைக்கும் வேதியியலுக்கு வயது அதிகம். இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் கரிமப் பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதை 1894இலேயே ஹென்றி ஃபென்டன் எழுதிவைத்தார். அங்கே பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு, சாய மூலக்கூறின் நிறத்துக்குக் காரணமான அசோ பிணைப்பை அறுத்தெறியும். ஆனால் இந்த வினை நன்றாக நடக்க நீர் அமிலமாக இருக்க வேண்டும். சோடா உப்பேறிய சாயக்கழிவோ காரம். எனவே அமிலம் ஊற்றி, பிறகு காரம் ஊற்றி, இரும்பை மண்டியாகப் படியவிட வேண்டும். உப்பே பிரச்சினையான தண்ணீரில் மேலும் உப்பைச் சேர்க்கும் வைத்தியம் இது! திண்ம வினையூக்கியின் தேவை இங்கேதான் எழுந்தது. இரும்பைக் களிமண்ணிலோ சியோலைட்டிலோ பதித்துவிட்டால் மண்டி குறையும், வடிகட்டி எடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். 1972இல் ஆய்வாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஒளியும் கொண்டு நீரைப் பிளந்து காட்டியபின், ஒளி வினையூக்கம் ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது.

நிறத்தை முதலில் உடைத்தால் உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டி அடைபடாதே, தெளிந்த உப்புநீரையே அடுத்த சாயத்தொட்டிக்கு அனுப்பலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், வினையூக்கிக்குப் பொருத்தமான இடமும் அதுவே. ஆனால் அங்கேயும் உப்பு குறுக்கே நிற்கிறது. குளோரைடும் சோடா உப்பின் கார்பனேட்டும் ஹைட்ராக்சில் தனி உறுப்பைச் சாயத்துக்கு முன்பே பிடித்துக்கொள்ளும். டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது சிறு பங்குதான், அடர்ந்த சாயநீருக்குள் அதுவும் ஆழமாக இறங்காது. ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இந்தச் சிக்கல் தெரிவதில்லை. காரணம், அவற்றில் சோதிக்கப்படுவது காய்ச்சி வடித்த நீரில் கரைத்த மெத்திலீன் நீலம். 1876இல் பிறந்த அந்தச் சாயம் பனியன் துணிக்குரிய வினைச்சாயம் அல்ல. போதாததற்கு, தானே ஒளியை உறிஞ்சி வெளுக்கும் குணமும் உடையது. வெளுத்ததெல்லாம் வினையூக்கியின் சாதனை என்று நம்பிவிடக் கூடாது.

திருப்பூரின் முதல் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செய்ததும் கிட்டத்தட்ட நிறத்தை மட்டும் பார்க்கும் இதே பிழைதான். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கினார்கள். உப்பு ஆற்றுக்கே போனது. உழவர்கள் வழக்காடினார்கள், துளிக் கழிவும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அது நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மறுபடி திறந்தவற்றில் எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கியும் உப்பைப் பிரித்தெடுக்கின்றன. அதில் மறுபடி சாயத்துக்கு உதவாத கலப்பு உப்பைச் சாக்கில் கட்டிக் கொட்டகையில் அடுக்கிவைக்கிறார்கள்.