சுழற்காற்று: அகலம் வேறு, ஆபத்து வேறு

சித்திரை வெயிலில் ஜெயங்கொண்டத்தின் தரிசு நிலங்களில் சருகும் புழுதியும் சுழன்றெழுவதைக் கண்டிருப்பீர்கள். அது தரையின் வெப்பத்தால் எழும் புழுதிச் சுழல். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். 'டொர்னேடோ' எனப்படும் சுழற்காற்றோ இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் காற்றுத் தூண். கடலில் உருவாகிப் பல நூறு கிலோமீட்டர் பரவும் புயல் இவ்விரண்டினின்றும் வேறானது. 'சூறாவளி' என்று எல்லாவற்றையும் அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. மீனவர்களுக்கான எச்சரிக்கையில் வரும் 'சூறாவளிக்காற்று' பலத்த காற்றையே குறிக்கும். அது கேட்டு டொர்னேடோ என அஞ்ச வேண்டாம்.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னேடோக்கள் பதிவாகின்றன. சேதத்தைக் கொண்டு அவற்றை 0 முதல் 5 வரை தரப்படுத்துவர். பெரும்பாலானவை வலுக்குறைந்தவை, ஐந்தாம் நிலையில் காற்று மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும். ஆயினும் அகலத்தைக் கொண்டு ஆபத்தை அளவிட இயலாது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் வீசியது 4.2 கிலோமீட்டர் அகலமுடையது. அது பெரும்பாலும் திறந்த வயல்வெளிகளைக் கடந்ததால் நேரடி உயிரிழப்பு 8. அதனினும் குறுகியதான ஒன்று 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் சாட்டூரியாவில் ஏறத்தாழ 1,300 உயிர்களைப் பறித்தது. அங்கு நெருக்கமாக இருந்தவை வலுவற்ற வீடுகள்.

இந்தியாவில் இவை அரிது. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரியில் சில நிமிடங்களே வீசிய சூறைக்காற்றில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நம் பகுதியில் எதிர்பார்க்க வேண்டியவை கோடை இடிமழையுடன் வரும் சூறைக்காற்றும் புயலுமே. 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயல், அண்டை மாவட்டமான கடலூரின் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது.

எக்காற்றாயினும் உடலைக் காயப்படுத்துவது பெரும்பாலும் பறக்கும் தகரமும் ஓடும் முறியும் கிளையுமே. கீற்று, தகரம், கல்நார்க் கூரை வீட்டில் இருப்பின், மேகம் கறுக்கத் தொடங்கும்போதே அருகிலுள்ள கான்கிரீட் கட்டடத்திற்குச் சென்றுவிடுங்கள். சன்னலை விட்டு விலகி, உள்ளறையில் தலையை மறைத்து அமருங்கள். முந்திரி மரத்தடி புகலிடம் அன்று. மின்னலும் அங்குதான் தேடி வரும்.

காற்று அடங்கியபின் அறுந்த மின்கம்பியை நெருங்காதீர்கள். மின்னகத்திற்கு 94987 94987 எண்ணில் தெரிவியுங்கள். ஆழக் குத்திய தகரத்தைப் பிடுங்காமல், அசையாதவாறு சுற்றிலும் துணிவைத்துக் கட்டி 108-ஐ அழையுங்கள். சிறு கீறலாயினும் சோப்பு நீரால் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றே கேளுங்கள். பிற உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.