வீடு தேடிச் சென்ற உபாத்தியாயர்

கண்பார்வையற்ற குழந்தையோ செவிப்புலனற்ற குழந்தையோ பிறந்த குடும்பத்தார் அதற்கு எழுத்தறிவிக்க விரும்பினால், நெடுங்காலம் அவர்களுக்கு இருந்த வழி, பிள்ளையைத் தொலைவிலுள்ள விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டுத் தாங்கள் மட்டும் ஊர் திரும்புவதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த பெண்மணிகள் பாளையங்கோட்டையில் தொடங்கிய பள்ளிகளின் மகத்தான சேவையை ஒருவரும் மறுக்கமாட்டார்கள். ஆயினும் பிள்ளை அங்கே கற்றதை வீட்டிலிருப்பவர் கற்க வாய்ப்பு அரிதாகவே இருந்தது. குழந்தையோடு குடும்பத்துக்கும் கைகொடுக்கத் தக்கவர்களைப் பயிற்றுவிக்கும் காரியம் கோயம்புத்தூருக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றிய வரலாறு, நம் கல்விச் சரித்திரத்தில் உரிய இடம் பெறவில்லை என்பது என் எண்ணம்.

தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் ஸ்தாபித்த ராமகிருஷ்ண வித்தியாலயத்துக்கு, 1934இல் காந்தியடிகள் அவ்வூரில் அடிக்கல் நாட்டினார். பின்னாளில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கிய பெரியசாமித் தூரன் அங்கே ஆசிரியராயிருந்தவர். குழந்தை மனத்தின் இயல்பைப் பற்றித் தமிழில் நூல் எழுதியவர். குழந்தையை அறிந்த பிறகே பாடத்தைத் தொடவேண்டும் என்ற சிரத்தை அந்த ஸ்தாபனத்தின் சுபாவமாகவே இருந்தமையால்தான், பிற்காலத்தில் இப்பணி அங்கே இயல்பாகக் குடிகொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

உடற்குறையுள்ள குழந்தைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே படிக்கவைக்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மத்திய அரசு 1974இல் தொடங்கிய பின், எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு விசேஷ ஆசிரியர் என்பது விதியாயிற்று. அவ்வாசிரியரை எங்கிருந்து கொண்டுவருவது? ஜெர்மனியின் கிறிஸ்டோஃபல் பார்வையற்றோர் மிஷனுடைய உதவியோடு வித்தியாலயத்தில் நிறுவப்பட்ட சர்வதேச மனிதவள மேம்பாட்டு மையம் அதற்கு விடை கண்ட இடங்களுள் ஒன்று. அதை முன்னின்று நடத்தியவர் எம். என். ஜி. மணி. பார்வையற்ற மாணவருக்கான ஆசிரியர் பிரெய்லியும் அபாகஸும் கற்பித்தால் போதாது. கோலூன்றித் தனியே நடக்கவும், உடுத்தவும், பரிமாறி உண்ணவும், பணத்தைத் தடவி அறியவும் பழக்கவேண்டும். இவை பள்ளி மணிக்குள் முடிகிற பாடங்களா? தோட்டத்துச் சாளைகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சிதறிக்கிடக்கும் கொங்குநாட்டில், தாய் நூற்பாலைக்கோ பனியன் கம்பெனிக்கோ ஷிஃப்டுக்குப் போய்விட, பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் அமுச்சியாக இருக்கும் வீடுகளில், பேரனுக்கு எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொடுப்பதுதான் பாசம் என்று நம்பும் அக்கிழவியின் மனத்தை நோகவைக்காமல், அவன் கையாலேயே தண்ணீர் மொண்டு குடிக்க விடும்படி அவளை இசையச் செய்வது, எந்தப் பரீட்சைத் தாளிலும் அடங்காத வித்தை.

உலக சுகாதார ஸ்தாபனம் 1989இல் வெளியிட்ட சமுதாய மறுவாழ்வுக் கைநூல் இதைத்தான் முறைப்படுத்திச் சொல்லிற்று. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான பத்மணி மெண்டிஸ் இலங்கையைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர். குடும்பத்திலேயே ஒருவர் பயிற்சியாளர். ஊரிலேயே ஒருவர் அவருக்கு வழிகாட்டி. அவர்களுக்குப் பின்னே நிபுணர் என்பது அதன் அமைப்பு. மூளை முடக்குவாதமுள்ள குழந்தையைப் படுக்கவைத்து ஊட்டினால் சோறு மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும், தலையும் முதுகும் நிமிர உட்காரவைத்து ஊட்டவேண்டும் என்ற ஒரு செய்தியை, நாள்தோறும் ஊட்டுகிற கையிடம் கொண்டு சேர்க்க நிபுணரைவிட அண்டை வீட்டுக்காரரே தகுந்தவர் என்பதை அந்நூல் துணிந்து ஏற்றுக்கொண்டது. என் வரையில், இத்துறையில் நிகழ்ந்த பெரிய மாறுதல் இதுவே.

1952இல் நெதர்லாந்தில் பிறந்த, பார்வைக் குறையுடையோர் கல்விக்கான சர்வதேசக் கவுன்சிலின் செயலகம், மணி அதன் பொறுப்பிலிருந்த காலத்தில் பெரியநாயக்கன்பாளையத்துப் பாலமலைச் சாலையில் இயங்கியது. பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணிதத்தை எளிதாக்க அவரும் பிறரும் எழுதிய நூல் 2005இல் வெளிவந்தது. இதற்கு முன்பே இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் 1992இல் நிறைவேறி, பயிற்சிக்குப் பாடத்திட்டமும் பதிவும் கட்டாயமாயின. 2005இல் விவேகானந்தா பல்கலைக்கழகம் என்ற பெயரில் உருவான நிறுவனத்தின் மாற்றுத்திறன் மேலாண்மைத் துறை, வித்தியாலய வளாகத்திலேயே அப்பணியைத் தொடர்கிறது.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்தது. மிகுந்த ஆதரவு தேவைப்படுவோர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று அதன் 38ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் மருத்துவ முகாமுக்கு அழைத்துப்போய், அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் வழிசொல்லி, பள்ளிக்கு வர இயலாத குழந்தையின் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் பொறுப்பு, வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர்களின் தோளில்தான் பெரிதும் இறங்கியிருக்கிறது. ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்திலேயே அவர்களை நிறுத்திவைத்திருப்பது நியாயமன்று. நிரந்தரப் பதவியும், வீடு வீடாகச் செல்வதற்கான பிரயாணப்படியும், வாரந்தோறும் பெற்றோருக்கென்றே ஒதுக்கிய நேரமும் அவர்களுக்கு அளிக்கப்படவேண்டும்.