அமர ஓர் இருக்கை

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதக் கல்வெட்டுகளும் அரண்மனை ஏடுகளும் துணை நிற்கின்றன. ஒரு கடைவீதியின் வரலாற்றை எழுத முனைவோருக்கோ, அங்கு நடந்தவர்களின் நினைவுகளே பெரும்பாலும் சான்றாக அமைகின்றன. அந்நினைவுகள் இனிமையானவைதாம், ஆனால் அவை முழுமையானவையா? சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜாரை எண்ணும்போதெல்லாம் இக்கேள்வி நம் நெஞ்சில் எழுகிறது.

நம் தலைமுறையினருக்கு அது வெறும் தெருவன்று. தீபாவளிக் கூட்டம் சற்றுத் தணிந்ததும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடை எடுக்க, பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு மாம்பலம் நிலையத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்குவோம். ரங்கநாதன் தெருவின் நெரிசலில் நீந்தி, உஸ்மான் சாலை வழியே பனகல் பூங்காவை அடைந்து, அதன் மர நிழலில் சற்றே இளைப்பாறி, பின்பு பாண்டி பஜாருக்குள் நுழைவோம். நடைபாதையெங்கும் வளையலும் ரிப்பனும், பாத்திரமும் செருப்பும், தொங்கவிட்ட காகித நட்சத்திரங்களும்! மல்லிகைச் சரத்தின் மணத்தோடு வறுத்த வேர்க்கடலையின் மணம் கலந்து வரும். நடைபாதைக் கடைக்காரர் சொன்ன விலையில் பாதியைக் கேட்டு நம் தாய் நடப்பதும், பத்தடி போனதும் அவர் கூப்பிடுவதும், இருவரும் சிரிப்பதும் ஆண்டுதோறும் நடக்கும் நாடகம். ராஜகுமாரி திரையரங்கும், நகைச்சுவை நடிகர் நாகேஷின் பெயர் தாங்கிய திரையரங்கும் அன்று அப்பகுதியின் அடையாளங்கள். இன்று அவ்விரண்டு அரங்குகளும் இல்லை. அவற்றின் பெயரைச் சொன்னால் இளையோர் நம்மை வியப்புடன் பார்க்கின்றனர்.

ஏரி ஊரான கதை

இன்று மாநகரின் நடுவில் இருக்கும் இப்பகுதி ஒரு காலத்தில் நகருக்குப் புறம்பே இருந்தது. மாம்பலம் ஒரு சிற்றூர். அதன் அருகே, மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் ஏரிகளோடு இணைந்து நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘நெடிய ஏரி’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1920ஆம் ஆண்டு சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அதனைத் தொடர்ந்து, பெருகிவந்த மக்கள் தொகைக்குக் குடியிருப்பு வேண்டி, நீதிக்கட்சி ஆட்சியின்போது 1923 முதல் ஏரி வற்றச் செய்யப்பட்டது. ஏரி நிலத்தில் மனைகள் பிரிக்கப்பட்டன, சாலைகள் பிறந்தன.

அப்புதிய ஊர், நீதிக்கட்சியை நிறுவியவர்களுள் ஒருவரும், 1920இல் தம்மை நாடி வந்த முதலமைச்சர் பதவியை ஏற்க மறுத்தவருமான சர் பிட்டி தியாகராயரின் பெயரைப் பெற்றது. நடுவே அமைந்த பூங்காவுக்கு அன்றைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர். மற்றொரு பூங்காவுக்கு மருத்துவர் நடேசனாரின் பெயர். பெருஞ்சாலை ஒன்றுக்கு, 1934இல் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக விளங்கிய முகமது உஸ்மானின் பெயர். ஓர் அரசியல் இயக்கத்தின் வரலாற்றையே சாலைப் பலகைகளில் படித்துவிடலாம்!

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. புறநகர் வாழ்வோருக்கு மாம்பலம் அண்டை வீடாயிற்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1928இல், காஞ்சிபுரத்து நெசவாளர் நல்லி சின்னசாமி செட்டியார் இங்குப் பட்டு வணிகத்தைத் தொடங்கியிருந்தார். குடியிருக்கவென்று அமைந்த ஊர், மெல்ல மெல்ல வாங்கவும் விற்கவும் கூடும் ஊராக மாறியது.

ஏரி போனாலும் அதன் நினைவு போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்க்க முடியாத ஒரு சாலை இன்னும் ‘லேக் வியூ சாலை’ என்றே வழங்குகிறது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்கள் நீரில் மூழ்கியபோது, ஏரி தன் பழைய இல்லத்தைத் தேடி வந்ததோ என்று முதியோர் பலர் எண்ணியிருப்பர்.

பெயருக்குள் ஒரு மனிதர்

பாண்டி பஜார் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? பாண்டிச்சேரியிலிருந்து வந்த வணிகர்களால் வந்தது என்பார் சிலர். சௌந்தரபாண்டியன் அங்காடி என்பதே மக்கள் நாவில் சுருங்கிப் பாண்டி பஜார் ஆயிற்று என்பார் பலர். பட்டிவீரன்பட்டியில் பிறந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். அவர் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது செய்த ஒரு செயல் நம் சிந்தனைக்கு உரியது. அக்காலத்தில் தனியார் பேருந்துகளில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் கொடுமை நிலவியது. கட்டணம் கொடுக்கக் கையில் காசு இருந்தாலும் அமர இருக்கை இல்லை! அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் இரத்தாகும் என்று எச்சரித்தார் அவர். பேருந்தின் கதவு திறந்தது.

இருக்கை என்பது மரப்பலகையும் நான்கு கால்களும் மட்டுமன்று. ‘நீயும் எனக்கு நிகரான மனிதன்’ என்று சமுதாயம் ஒருவருக்குச் சொல்லும் சொல் அது. இவ்வுண்மையை உணர்ந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய தெருவிலேயே, நம் இளமையில் நாம் ஒரு காட்சியைக் கண்டோம்.

ஒரு டிசம்பர் மாலை

பெயர் சொல்ல வேண்டாத ஒரு துணிக்கடை. அன்னைக்குப் புடவை எடுக்கச் சென்றிருந்தோம். அன்னை முக்காலியில் அமர்ந்திருந்தார். எதிரே பதினெட்டு வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தென்மாவட்டப் பேச்சு அவளுடையது. முப்பது புடவைகளாவது விரித்திருப்பாள். நம் மனம் ஒன்றிலும் நிற்கவில்லை. இடையில் அவள் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் உடலைத் தாங்கி நின்றதைக் கண்ட அன்னை, “நீயும் கொஞ்சம் உட்காரேன்மா” என்று அருகிலிருந்த முக்காலியை நகர்த்தினார். அவள் சட்டென்று மேற்பார்வையாளர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “வேண்டாம்மா, நாங்க உக்காரக் கூடாது” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த புடவையை விரித்தாள்.

நாம் புடவை வாங்காமலே வெளியே வந்தோம். நெய்யில் வறுத்த முந்திரி மிதந்த கேசரியை உண்டோம். ரயிலில் வீடு திரும்பினோம். அந்தப் பெண் எப்போது அமர்ந்தாள் என்று நாம் கேட்கவில்லை.

நிமிர்ந்த கட்டடங்கள், நிற்கும் மனிதர்கள்

பழைய ஜவுளிக் கடைகளை அறிந்தோர் ஒன்றை நினைவுகூர்வர். அங்குத் தரையில் பாயோ ஜமக்காளமோ விரித்திருக்கும். வாங்க வந்தவரும் அமர்வார். விற்பவரும் எதிரே அமர்வார். இருவருக்கும் நடுவில் பட்டு விரியும், ஊர்க்கதையும் விரியும். பின்னர் கண்ணாடிப் பெட்டிகளும் உயர்ந்த மேசைகளும் வந்தன. கடைகள் மாடிமேல் மாடியாக எழுந்தன. விற்பவர் எழுந்து நின்றார். நின்றவர் நின்றவராகவே இருந்தார். வணிகம் வளர்ந்த அளவுக்கு விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் இடையிலிருந்த உறவு வளரவில்லை.

பழமை முழுவதும் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. ஜமக்காளம் விரித்த அந்தக் காலத்திலேதான் பேருந்தில் மனிதரை ஏற்ற மறுத்தோம். ஒரு காலம் ஓர் இருக்கையைத் தருகிறது; மற்றொன்றைப் பறிக்கிறது. எதைத் தந்தது, யாரிடமிருந்து பறித்தது என்று பகுத்துப் பார்ப்பதே வரலாற்றின் பணி.

குடியிருப்புத் தெருவாக இருந்த ரங்கநாதன் தெரு, பல மாடிக் கடைகளின் நெருக்கமாயிற்று. தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து இளைஞரும் இளம் பெண்களும் அக்கடைகளில் பணிபுரிய வந்தனர். 2008 செப்டம்பர் முதல் நாள், அத்தெருவின் பெருங்கடை ஒன்றில் பற்றிய தீயில் அங்குப் பணிபுரிந்த இருவர் உயிரிழந்தனர். 2010இல் வெளிவந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் இப்பணியாளர்களின் வாழ்வைத் தமிழகத்தின் கண்முன் நிறுத்தியது. நாம் அன்று கேட்காத கேள்வியைத் திரைப்படம் ஒன்று கேட்டது!

நடைபாதை வணிகரின் கதை வேறு. கடைக்குள் இருப்போருக்கு இருக்கை இல்லை. தெருவில் இருப்போருக்கோ இடமே இல்லை. நீண்ட வழக்குகளுக்குப் பின், 2013இல் பாண்டி பஜாரின் நடைபாதை வணிகர்கள் மாநகராட்சி கட்டிய பல மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். நடைபாதை நடப்போருக்குத் திரும்பக் கிடைத்தது, அது நன்மையே. ஆனால் போகிற போக்கில் கண்ணில் பட்டால்தான் வளையலும் ரிப்பனும் விலைபோகும். படியேறித் தேடிவந்து யார் வாங்குவர்? மறு ஆண்டே, 2014இல், தெரு வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தெருவில் விற்பதும் ஓர் உழைப்பே, உரிமையே என்று அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

2019 நவம்பரில் பாண்டி பஜார் மீண்டும் உருமாறியது. வாகனங்களுக்கான இடம் குறைந்தது. அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்போர் இளைப்பாற இருக்கைகள் இடப்பட்டன. 2023 மே மாதத்தில், மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. நாம் நீந்திக் கடந்த ரங்கநாதன் தெருவின் நெரிசலில் சிக்காமலே இன்று சென்றுவிடலாம். மெட்ரோ ரயில் பணிக்காகப் பனகல் பூங்காவின் ஒரு பகுதி அடைக்கப்பட்டதைக் கண்டபோது மட்டும், நாம் இளைப்பாறிய நிழலைத் தேடி மனம் சற்றுக் கலங்கியது.

சட்டம் தந்த முக்காலி

இம்மாற்றங்கள் அனைத்தையும்விடப் பெரிய மாற்றம் என்று நாம் கருதுவது ஒன்றுண்டு. கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைகளில் பணிபுரிந்த பெண்கள், அமரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினர். அதன் பயனாக 2018இல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. தமிழகத்திலும் 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும். வேலையின் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அமரலாம். நாள் முழுதும் நின்றுகொண்டேயிருக்கும் நிலை கூடாது – இதுவே அத்திருத்தத்தின் சாரம்.

எவ்வளவு எளிய சட்டம்! அமரலாம் என்பதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்ததே என்று எண்ணும்போது உள்ளம் வெட்குகிறது. அன்று அன்னை நகர்த்திய முக்காலியை அந்தப் பெண்ணிடம் கொண்டு சேர்க்கச் சட்டத்துக்கு ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. இன்று அவள் நடுவயதைக் கடந்திருப்பாள். நின்று நின்று அவளுடைய கால் நரம்புகள் புடைத்திருக்குமோ, தன் மகளைக் கடை வேலைக்கு அனுப்பியிருப்பாளோ, நாம் அறியோம்.

பாண்டி பஜாரைப் பற்றி நண்பர்கள் கூடிப் பேசும்போது, அந்தப் பழைய தெரு போயிற்றே என்று நாமும் பெருமூச்சு விடுவதுண்டு. ஆனால் நம் நினைவில் உள்ளவை நாம் வாங்கிய புத்தாடையும், உண்ட கேசரியும், பார்த்த திரைப்படமுமே. வாங்கியவர் நினைவு தெருவின் பாதி வரலாறு. விற்றவர் நினைவு மறுபாதி. அந்த மறுபாதியைக் கேட்டறியாமல் பழைய தெருவுக்காக நாம் விடும் கண்ணீரில் நேர்மை குறைவு.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அது மேசைக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். அடுத்த திருநாளுக்குத் துணி எடுக்கச் செல்லும்போது, புடவையின் கரையைப் பார்க்குமுன், விற்பவருக்குப் பின்னால் ஓர் இருக்கை இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால், அவரை அமரச் சொல்வோம். இல்லையென்றால், கடைக்காரரிடம் கேட்போம். அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் அது.