ஓரி விழாவும் கொல்லிமலைக் கதைகளும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், செம்மேடு என்னும் ஊரில், ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 ஆகிய நாட்களில் அரசின் ஆதரவில் நடைபெற்றுவரும் வல்வில் ஓரி விழா, ஒரு சங்ககாலக் குறுநில மன்னனை அவன் ஆண்ட மலையிலேயே நினைவுகூரும் அரிய வைபவமாகும். குதிரைமேல் அமர்ந்து வில்லேந்திய ஓரியின் சிலைக்கு மாலை சூட்டுகிறார்கள். மலர்க் கண்காட்சியும் வில்வித்தைப் போட்டியும் மேடைக் கலைநிகழ்ச்சிகளும் நடக்கின்றன. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஜனங்கள் திரள்திரளாக மேலே வருகிறார்கள்.

இவ்விழாவின் மூலத்தைத் தேடுவோர் புறநானூற்றின் 152ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். வன்பரணர் என்னும் புலவர் தம் பாணர் சுற்றத்தோடு காட்டு வழியே வந்துகொண்டிருந்தபோது, எவனோ ஒரு வேட்டுவன் விடுத்த ஒரே அம்பு, யானையை வீழ்த்தி, வாய் பிளந்த புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, அருகிலிருந்த புற்றில் கிடந்த உடும்பின் உடலிற் சென்று தைத்து நின்றதாம். எய்தவனைக் கூலிக்கு வேட்டையாடும் எளிய வேடனாகப் புலவர் கருதவில்லை. மார்பில் தாழ்ந்த ஆரம் அவன் செல்வநிலையைக் காட்டியது. உடனே தாம் பாடுவதாக விறலியரிடம் சொல்லி, முழவும் யாழும் பிறவும் முழங்கப் பாடி, ‘கோ’ என்று ஏத்தியபோது, அது தன் பெயராகவே இருந்தமையால் ஓரி நாணி நின்றான். அவர்கள் வேண்டியதைச் சொல்லவும் விடாமல், வேட்டையில் கிடைத்த ஊனையும், உருக்கிய நெய்போன்ற மதுவையும், தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்தான். ஓரிக்கு எடுத்த முதல் விழா இதுவே என்பது என் துணிபு. அதற்கு மேடையில்லை, பந்தலில்லை, காண்பவர், பாடுபவர், பாடப்படுபவன் என்ற பிரிவுமில்லை. வழிநடந்து வந்தவர்களே பாடினார்கள். பாட்டுடைத் தலைவனே விருந்திட்டான்.

அவன் முடிவு துயரமானது. திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, ஓரியைப் போரிற் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரி மடிந்தபின் அவனுடைய பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் உவமையாக எடுத்தாள்கிறார். போர்ச் செய்தி ஒன்று அகப்பாட்டின் உவமையாகும் அளவுக்கு அது நாடெங்கும் பரவியிருந்ததென்று ஊகிக்கலாம். அகநானூற்றின் 209ஆம் பாட்டில் கல்லாடனாரும் இப்போரைக் குறிக்கிறார். ஆயினும் அவர் ஓரியின் மரணத்தோடு நிற்கவில்லை; செவ்விய வேர்களையுடைய பலா மரங்களையும், தெய்வத்தால் ஆக்கப்பட்ட கொல்லிப்பாவையையும் அதே பாட்டில் சேர்த்துச் சொல்கிறார். மன்னன், மரம், தெய்வப்பாவை என்ற மூன்றும் சேர்ந்தே பழந்தமிழர்க்குக் கொல்லியாக விளங்கின.

இம்மூன்றில் மன்னனுக்கு மட்டுமே இன்று விழா மேடையில் முதலிடம். மற்றவை வேறிடங்களில் உயிரோடிருக்கின்றன. தன் எழிலால் ஈர்த்துச் சிரித்தே பகைவரைக் கொல்லும் என்று பிற்காலத்தார் விரித்துரைத்த பாவையை, மலைவாழ் மக்கள் எட்டுக்கை அம்மனாக இன்றும் வழிபடுகிறார்கள். பலாவோ, தோட்டந்தோறும் காய்த்துத் தொங்குகிறது.

ஆடிப் பதினெட்டு, அரசு விழாவினும் பழைமையான பெருநாள் என்பதையும் மறத்தலாகாது. அந்நாளில் மக்கள் வழிபடக் கூடும் இடம், இம்மலையின் ஒரு பிரிவாகிய வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் ஆலயம். அது தேவாரத்தில் குறிக்கப்பெற்ற வைப்புத்தலம். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகத்தால் தமிழ்நாடெங்கும் பிரசித்தியடைந்தது. அங்கே ஓடும் ஐயாற்றில் மீன் பிடித்து அறுத்துச் சமைக்க முற்பட்டபோது, அறுபட்ட துண்டுகள் ஒன்றாய்ப் பொருந்தி மீண்டும் நீரில் துள்ளி ஓடினவென்பது ஐதீகம். ஆகவே இன்றும் அம்மீன்களை எவரும் பிடிப்பதில்லை. வழிபட வந்தவர்கள் படியிலே குனிந்து பொரியைத் தூவ, கரிய முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு எழ, குழந்தைகளின் விரல் நுனிவரை வந்து உணவைப் பறித்துச் செல்லும் அந்த மீன்களிடம் பயம் என்பது சிறிதும் இல்லை. ஒரு கதையை நம்பியதன் பயனாக ஓர் ஆற்றின் மீன்குலம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது. சாலை ஏற்படுவதற்கு முன் புளியஞ்சோலைப் பக்கமிருந்து காட்டுவழியே ஏறிவந்தவர்களும், இன்று பேருந்தில் வருபவர்களும், ஆகாய கங்கை அருவியில் நீராடி இவ்விறைவனை வணங்கும்போது, கதையைக் கேட்பவர்களாக மட்டுமன்றி அதனுள்ளே நடமாடுபவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள்.

பிரிட்டனிலும் இதற்கொப்பான வரலாறு உண்டு. அவர்களுடைய வில்வீரன் ராபின் ஹூட் உண்மையில் வாழ்ந்தவனா என்பதே தீராத வழக்கு. ஆயினும் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பல ஊர்களில், வசந்தகால விழாக்களின்போது, அவ்வூர்வாசிகளே ராபினாகவும் அவன் தோழர்களாகவும் வேடமிட்டு வீதிவழியே சென்று, தங்கள் தேவாலயத்துக்குப் பொருள் திரட்டினார்கள். நாட்டிங்ஹாம் நகரத்துக் கோட்டையருகே அவனுக்குச் சிலை எழுந்தது 1952இல்தான். ஊரார் ஆடிய கூத்து அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. இக்காலத்தில் ஷெர்வுட் வனத்தில் நடைபெறும் ராபின் ஹூட் விழாவிலும், வேடமிட்ட கலைஞர்கள் மரநிழலில் ஜனங்களுக்கிடையே கலந்து உலவுகிறார்கள்.

நம்மிடம் உள்ள கதைச்செல்வம் அதனிலும் பெரிது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர்கள் என்றும், அவர்கள் பிரிந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மலைகளில் குடியேறினார்களென்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்த அவர்களுடைய ஊர்களில் தெய்வங்களும் கதைகளும் பலவுண்டு. மலையுச்சியில் கோயில்கொண்ட மாசி பெரியண்ணசாமி அவற்றுள் ஒருவர். சாமையும் தினையும் விளைந்த கொல்லைகளில் மரவள்ளி பரவிய பின்னர், அப்பயிர்களோடு இணைந்த பாட்டுகளையும் சடங்குகளையும் அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர்.

ஆதலின் ஓரி விழாவைத் திட்டமிடும் அதிகாரிகளையும் அறிஞர்களையும் வேண்டிக்கொள்வது இதுதான்: இரு நாட்களில் ஒரு மாலைப்பொழுதையேனும் இம்மலை நாடுகளுக்கென்று ஒதுக்குங்கள். வெளியூர்க் கலைஞர்களை அழைப்பதற்கு முன் அம்மக்களின் ஊர்த்தலைவர்களாகிய ஊர்க்கவுண்டர்களைக் கலந்துபேசுங்கள். எக்கதையை, எவ்விடத்தில், யார் சொல்லவேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். சொல்லப்படுவனவற்றை அம்மக்களின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, மலைப்பள்ளிகளின் நூலகங்களில் வையுங்கள். வரும் ஆடியிலேயே இதைத் தொடங்க வேண்டும்.